அம்மா பேரில் போன டப்பா

அறுநூறு பேருக்குச் சமைக்கிற கை அது. அந்தக் கையை அம்மா அன்று ராத்திரி ஏழாவது தடவையாகச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பெரிய பாத்திரம். அதற்குள் வீட்டிலிருந்த கரண்டி, ஸ்பூன், டம்ளர் எல்லாம் கிடந்து கொதித்தன. மணி பதினொன்றரை இருக்கும். அப்பா நைட் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். உள்ளறையில் போர்வைக்குள் கிடந்த மகள், அந்தப் பாத்திரச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத் தானும் அதற்குள் கிடந்து வேகிறமாதிரி புரண்டுகொண்டிருந்தாள்.

மகளுக்கு வயது பதினைந்து. ஹேண்ட்பால் டீமில் அவளுக்கு வைத்த பேர் மின்னல். ஓட்டத்தில் எப்போதும் கடைசியாக வருவதால் வைத்த பேர்.

விஷயம் இதுதான். அம்மா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல். பத்தொன்பது வருஷமாக அங்கே எல்லாருக்கும் அவள் 'மாஸ்டரம்மா'. சமையல்கட்டில் வேலை செய்கிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை மலப் பரிசோதனைக்குக் கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். இந்த வருஷம் கொடுத்தாயிற்று, சாயங்காலம் ரிசல்ட்டும் வந்தாயிற்று. 'ஜியார்டியா: காணப்பட்டது' என்று எழுதியிருந்தது. தண்ணீரிலும் சாப்பாட்டிலும் தொற்றிக் குடலில் குடியிருக்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி அது. கேன்டீன் மேனேஜர் தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே, "பத்து நாளுக்குள்ள லேப்ல கிளியர் ஆகலைன்னா நான் வேற ஆள் பார்க்கணும். கோவிச்சுக்காதீங்க மாஸ்டரம்மா, ரூல்ஸ் அப்படி," என்று சொல்லிவிட்டார். நாளையிலிருந்து அடுப்பு உதவியாளர் கையில். கேன்டீனில் அவரைக் 'கடல்' என்றுதான் சொல்வார்கள். அவர் போடுகிற உப்பு அப்படி.

டாக்டர் ஏழு நாளைக்கு மாத்திரை கொடுத்திருந்தார். காலையில் ஆரம்பிக்க வேண்டும். "நாக்குல இரும்பு ருசி அடிக்கும், கொஞ்ச நாள்ல போயிடும்," என்றாராம். சமையல்காரியிடம் அதைச் சொல்வது, பாட்டுக்காரரிடம் கொஞ்ச நாளைக்குக் காது கேட்காது என்று சொல்கிறமாதிரி.

இதில் மின்னலுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. நாலு நாளாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். கடைசியில் எழுந்து சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள்.

"அம்மா."

"தூங்கலையா நீ? அந்த டம்ளரைத் தொடாதே, இன்னும் சரியாக் கொதிக்கல."

"நாளைக்கு மாத்திரை சாப்பிடாதம்மா."

"ஏன், மேடம் டாக்டருக்குப் படிச்சு முடிச்சாச்சா?"

"உனக்கு ஒண்ணும் இல்ல."

"அதைப் போய் அந்தப் பேப்பர்கிட்ட சொல்லு. பத்தொன்பது வருஷம்டி. நகத்தை ஒட்ட வெட்டி, ரெண்டு தடவை கழுவாம ஒரு காயைத் தொட்டதில்ல. எங்க தப்பு பண்ணேன்னு சாயங்காலத்துல இருந்து யோசிக்கிறேன், ஒரு எழவும் புரியல."

அம்மாவின் விரல் நுனியெல்லாம் சோப்பில் ஊறிச் சுருங்கிப் போயிருந்தது. அதைப் பார்த்ததும் மின்னலுக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அந்த டப்பால இருந்தது உன்னோடது இல்லம்மா."

அம்மா குழாயை மூடினாள். "பின்ன?"

செவ்வாய்க்கிழமை நடந்ததை மின்னல் சொல்லத் தொடங்கினாள். டப்பாவை ஸ்கூலுக்குப் போகிற வழியில் லேபில் கொடுக்கச் சொல்லி அனுப்பியது அம்மாதான். பார்க்கிறவர்களுக்கு உள்ளே இருப்பது என்னவென்று தெரியக்கூடாது என்று, டப்பாவை ஃபாயில் பேப்பரில் சுற்றி, அதை ஒரு நகைக்கடைப் பையில் போட்டு, வாயை ரிப்பனால் கட்டி அனுப்பியிருந்தாள். பஸ்ஸில் கூட்டம். மின்னல் பையை ஜன்னலோரக் கொக்கியில் மாட்டிவிட்டு, மேட்ச் நினைப்பில் இருந்தாள். இறங்குகிற இடத்தில் கையை நீட்டினால் கொக்கி மட்டும் இருந்தது.

"யாரோ அடிச்சுட்டுப் போயிட்டாங்கம்மா. நகைன்னு நெனச்சிருப்பாங்க."

அம்மா கொதிக்கிற பாத்திரத்தை ஒரு தடவை கிளறினாள். பிறகு, "அது நல்ல பைடி," என்றாள்.

"சாரிம்மா."

"அப்புறம்?"

"அன்னிக்குத்தான் கடைசி நாள்னு நீ சொல்லியிருந்தே. லேப் ஜன்னல்ல போய், மூடி உடைஞ்சு போச்சு, வேற டப்பா குடுங்கன்னு கேட்டேன். குடுத்தாங்க. பக்கத்துலேயே பாத்ரூம் இருந்துச்சு. எனக்குப் பயத்துல ஏற்கெனவே வயித்தைக் கலக்கிட்டு இருந்துச்சு."

பயத்துக்கு அப்படி ஒரு வசதி உண்டு.

"உன் பேரை எழுதிக் குடுத்துட்டேன். உனக்கு ஒண்ணும் இருக்காதுன்னு தெரியும், எனக்கும் ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சேன். ரெண்டும் ஒண்ணுதானேன்னு..." அதற்குமேல் அவளால் முடியவில்லை. மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது.

அம்மாவின் முகத்தில் முதலில் கோபம் வந்தது. அது பாதி வழியிலேயே நின்றது. உதட்டோரம் ஒரு துடிப்பு. "அந்தத் திருட்டுப்பய ரிப்பனை அவுத்துருப்பானில்ல?" என்றாள். "அவுத்து, ஃபாயிலைப் பிரிச்சு..." மேலே சொல்ல முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அழுதுகொண்டிருந்த மின்னலுக்கும் சிரிப்பு வந்து, அழுகையும் சிரிப்பும் சேர்ந்து புரையேறியது.

சட்டென்று அம்மா நிறுத்தினாள். ஈரக் கையை அப்படியே மகள் வயிற்றில் வைத்தாள்.

"அப்போ அது உனக்குல்லடி இருக்கு."

இதை மின்னல் அதுவரை யோசிக்கவே இல்லை. அம்மாவின் வேலை போகிற பயத்தில் தன் வயிற்றை மறந்தே போயிருந்தாள்.

"எத்தனை நாளா சரியில்லை?"

"மூணு வாரமா. ஏப்பம் விட்டா அழுகின முட்டை நாத்தம் வருது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மேட்ச்சுக்கு விடமாட்டே."

"விட்டிருக்க மாட்டேன்தான்," என்று ஒப்புக்கொண்டு அம்மா அடுப்பை அணைத்தாள். "காலைல என்கூட லேபுக்கு வர்றே. என்கிட்ட சொன்னதை அங்கேயும் உன் வாயாலயே சொல்றே."

"போலீஸ்ல சொல்லிடுவாங்களாம்மா?"

"என்னன்னு சொல்லுவாங்க? இவ சொந்தமா சம்பாதிச்சதை அம்மா பேர்ல எழுதி வச்சுட்டான்னா? போய்ப் படு."

சுகாதார ஆய்வுக்கூடத்தின் ஜன்னலில் இருந்தவள் இருபத்தைந்து வயதுப் பெண். கொண்டையில் பேனாவைச் செருகியிருந்தாள். மின்னல் கண்ணாடித் துவாரத்தில் வாயை வைத்து, பஸ்ஸிலிருந்து பாத்ரூம் வரை எதையும் விடாமல் சொல்லி முடித்தாள். லேப் அக்கா முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "ஒரு நிமிஷம்," என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் எழுந்து, இருமலாக மாறி, அடங்கியது. பழைய முகத்தோடேயே திரும்பி வந்தாள்.

"சொன்னது நல்லது. ஆனா ரிப்போர்ட்டை நான் சும்மா அடிச்சுட்டு மாத்திட முடியாது ஆன்டி."

"எனக்கு இல்லைன்னுதான் தெரிஞ்சு போச்சேம்மா."

"உங்களுக்கு இல்லைன்னு தெரியல. உங்க பொண்ணுக்கு இருக்குன்னுதான் தெரிஞ்சுது. ஒரே வீடு, ஒரே பாத்ரூம், உங்களுக்கும் ஒட்டியிருக்கலாம். வயித்துல எந்தத் தொந்தரவும் குடுக்காம இருக்கிற ஆளுங்களும் உண்டு. அதுவும் இது தினமும் வெளிய வராது. ஒருநாள் தலைகாட்டும், ஒருநாள் பதுங்கிக்கும். அதனால நாள் விட்டு நாள் மூணு சாம்பிள். மூணும் சுத்தமா இருந்தாத்தான் கையெழுத்துப் போடுவேன். அதுவரைக்கும் உங்களுக்கு மாத்திரை வேண்டாம், பொண்ணுக்கு இன்னிக்கே ஆரம்பிக்கலாம்னு டாக்டர்கிட்ட நான் பேசறேன்."

பத்து நாளில் ஒன்று போயிருந்தது. அம்மா மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

லேப் அக்கா ஒரு டப்பாவை நீட்டினாள். "இந்தத் தடவை பஸ் வேண்டாம். அதோ பாத்ரூம்."

அம்மா உள்ளே போனாள். அடுப்பு எரியாத நாளிலும் அறுநூறு பேருக்கு மணியடிக்கச் சாப்பாடு கொடுத்தவள், அரைமணி நேரமாகியும் வெளியே வரவில்லை.

அதற்குள் லேப் அக்கா மின்னலை உள்ளே கூப்பிட்டு மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள். "உன்னோட சாம்பிள்தான். பாரு, வீட்ல யார் குடியிருக்காங்கன்னு."

வெளிச்ச வட்டத்துக்குள் பேரிக்காய் வடிவத்தில் ஒன்று கிடந்தது. மேல்பக்கம் வட்டமாக இரண்டு கண். கீழே வால் மாதிரி இழைகள்.

"மூஞ்சி மாதிரி இருக்கு அக்கா."

"எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. கண்ணு இல்ல அது, அதோட உட்கரு. ரெண்டு இருக்கும்."

"சிரிக்குது."

"அம்மா மாஸ்டராச்சே. உள்ள உட்கார்ந்து மூணு வேளை சாப்பிட்டா சிரிக்காம என்ன செய்யும்?" பேனாவைக் கொண்டையிலிருந்து உருவினாள். "சரி, எங்கெங்க தண்ணி குடிப்பே, வரிசையாச் சொல்லு."

"வீட்ல காய்ச்சின தண்ணி. ஸ்கூல்ல ஃபில்டர் தண்ணி. கிரவுண்ட்ல ஷெட்டுக்குப் பின்னாடி ஒரு குழாய் இருக்கு, அதுல ஜில்லுனு வரும்."

பேனா நின்றது. "ஏன் அதுல மட்டும் ஜில்லுனு வருது?"

"தெரியல. புல்லுக்குத் தண்ணி விடுற பைப்பும் அங்கதான் இருக்கு. அது பக்கத்துக் குளத்துல இருந்து வருது."

"எத்தனை பேர் குடிப்பீங்க?"

"டீம் முழுக்க."

"எல்லாருக்கும் வயிறு எப்படி?"

"பாதிப் பேருக்குச் சரியில்லதான். மேட்ச் டென்ஷன், எல்லாம் சரியாயிடும்னு கோச் சொன்னாங்க."

லேப் அக்கா 'மேட்ச் டென்ஷன்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள்.

பாத்ரூம் கதவுக்கு உள்ளிருந்து அம்மா குரல். "அங்க என்ன பேச்சு? இங்க நான் தவம் கிடக்கிறேன்."

"அவசரம் இல்ல ஆன்டி, நிதானமா," என்றாள் லேப் அக்கா.

"உனக்கு இல்லம்மா. எனக்கு இருக்கு. அதுக்குத்தான் இல்ல."

மின்னல் கதவருகே போய் நின்றாள். அம்மாவுக்குத் துணையாக ஏதாவது பேசலாம் என்று நினைத்து, கிரவுண்டுக் குழாயைப் பற்றிச் சொன்னாள்.

"என்னது? வீட்ல நான் இருபது நிமிஷம் காய்ச்சி, ஆறவச்சு, பாட்டில்ல ஊத்திக் குடுத்தா, மகாராணி குளத்துத் தண்ணியைக் குடிச்சுட்டு வந்தீங்களா? அந்த பாட்டில் தண்ணியை என்னடி பண்ணே?"

"கை கால் கழுவினேன்."

ஐந்து நிமிஷத்தில் டப்பா வெளியே வந்தது. கோபத்துக்கும் அந்த வசதி உண்டு போலிருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் லேப் அக்கா கிரவுண்டுக்கு வந்தாள். ஒரு சின்ன பம்ப், தண்ணீர் அளக்கிற மீட்டர், உள்ளங்கை நீளத்தில் ஒரு ஃபில்டர் உருளை. குழாயில் அதை மாட்டி ஓடவிட்டு, கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்துகொண்டாள். டீம் முழுக்கச் சுற்றி நின்றது. டீம் கேப்டனுக்குச் சைரன் என்று பேர். கிரவுண்டின் அந்தக் கோடியில் பேசினால் இந்தக் கோடியில் கேட்கும்.

"ஒரு டம்ளர் எடுத்துப் பார்த்தாப் போதாதா அக்கா?" என்றாள் சைரன்.

"ஒரு டம்ளர்ல ஒண்ணுகூட இல்லாமப் போகலாம். ஆனா மொத்தமாப் பத்து உள்ள போனாலே ஆளைப் படுக்க வச்சிடும். அதனால நூறு லிட்டரை இது வழியா விட்டு, சிக்குறதை மட்டும் எடுத்துட்டுப் போகணும். லேப்ல சாயம் போட்டா இருட்டுல பச்சையா மின்னும்."

"ஒண்ணும் இல்லைன்னா?"

"குழாய்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடுவேன்."

சைரன் மின்னல் பக்கம் திரும்பினாள். "நம்ம குழாயைப் போய் மாட்டி விட்டிருக்கியே. இருந்த ஒரே ஜில்லு தண்ணி."

மின்னல் ஓடுகிற மீட்டரையே பார்த்தாள். இதில் தண்ணீரும் சுத்தம் என்று வந்துவிட்டால், டீம் தன்னை எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடும் என்ற கவலை அவளுக்கு இருந்தது.

இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. கறுப்பு வட்டத்தில் பச்சைப் புள்ளிகள், பதினாலு. போன வருஷம் உடைந்த குழாயைச் சரிபண்ண வந்தவர், குடிதண்ணீர் பைப் தூரத்தில் இருக்கிறதே என்று பக்கத்திலிருந்த புல் பைப்பிலேயே இணைத்துவிட்டுப் போயிருந்தார். ஃபில்டரும் கிடையாது, குளோரினும் கிடையாது, குளத்தில் நாயும் மாடும் வாத்தும் குளித்த தண்ணீர் நேராக வாய்க்கு வந்துகொண்டிருந்தது. டீமில் பதினோரு பேரைச் சோதித்ததில் ஏழு பேருக்கு அதே சிரித்த மூஞ்சி. சைரனுக்கும்தான்.

"என்னோடதும் சிரிச்சுதா அக்கா?" என்று அவள் கேட்டாளாம்.

"உன்னோடது கத்துச்சு," என்றாளாம் லேப் அக்கா.

குழாயைத் துண்டித்துப் புது இணைப்புக் கொடுத்தார்கள். ஏழு பேரும் இரும்பு ருசியோடு மாத்திரை விழுங்கினார்கள். மேட்ச்சைத் தள்ளி வைத்தார்கள். எதிர் டீம் மறுப்பே சொல்லவில்லை. போன மாசம் பிராக்டிஸ் மேட்ச்சுக்கு வந்தபோது அவர்களும் அதே குழாயில்தான் குடித்திருந்தார்கள்.

இதெல்லாம் ஒருபக்கம் நடக்க, அம்மா புதிதாகக் கொடுத்த முதல் இரண்டு டப்பாவும் சுத்தம் என்று வந்தன. மூன்றாவதுதான் இழுத்தடித்தது. மூன்று நாள் பப்பாளி, ஊறவைத்த உலர்திராட்சை, வெந்நீர், வாசலுக்கும் கொல்லைக்கும் நடை. ஒன்றும் அசையவில்லை. கேன்டீனில் கடல் பொங்கிக்கொண்டிருந்தது. தொழிலாளர்கள் சாப்பாட்டுக்குப் போகும்போது ஆளுக்கு இரண்டு தண்ணீர் பாட்டில் எடுத்துப் போவதாகக் கேள்வி. மேனேஜர் வேறொரு சமையல்காரரைக் கூப்பிட்டுப் பேசினார் என்றும் கேள்வி. அதைக் கேட்ட அன்று அம்மா ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. "சாப்பிடும்மா, உள்ள போனாத்தானே வெளிய வரும்," என்று அப்பா கெஞ்சினார்.

பத்தாவது நாள் விடிகாலையில் அம்மா மகளை உலுக்கி எழுப்பினாள். "எழுந்திரு, கிளம்பு. வந்துடுச்சு." அறிவிப்பே இல்லாமல் ரயில் வந்து நின்ற மாதிரி இருந்தது அவள் சொன்ன விதம்.

பதினொரு மணிக்கு லேப் அக்கா துவாரம் வழியாகத் தாளை நீட்டினாள். 'எதுவும் காணப்படவில்லை.' அம்மா அதை மூன்று தடவை படித்தாள். இருவரும் நேராகக் கேன்டீனுக்குப் போனார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் வரிசை நிற்கத் தொடங்கியிருந்தது. மேனேஜர் பரிமாறுகிற ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நின்று மூன்று தாளையும் புரட்டினார்.

"ரொம்ப சந்தோஷம் மாஸ்டரம்மா. ஆனா ஒரு சந்தேகம். மாத்திரையே சாப்பிடலைங்கிறீங்க. முதல்ல இருந்தது, இப்ப இல்லைன்னா எப்படி? மேல இருந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

அம்மா மகளைப் பார்த்தாள். வரிசையில் முப்பது பேர். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் கரண்டியோடு கடல். மகளைக் காப்பாற்ற அம்மாவுக்கு ஒரு வழிதான் தெரிந்தது.

"லேப்ல ஏதோ தப்பு நடந்திருக்கும் சார்."

"அப்படியா? அப்ப நான் லேப் மேல ஒரு புகார் எழுதிடறேன். சும்மா விடக்கூடாது."

கொண்டையில் பேனா செருகிய தலை ஒன்று மின்னலின் நினைவில் வந்து நின்றது.

"லேப்ல தப்பு இல்ல சார்," என்றாள். குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "முதல் டப்பால இருந்தது என்னோடது. அம்மாவோடதை நான் பஸ்ல தொலைச்சுட்டேன். பயந்துட்டு என்னோடதைக் குடுத்துட்டேன். பூச்சி எனக்குத்தான் இருந்துச்சு. கிரவுண்டுக் குழாய்ல இருந்து வந்தது. இப்ப அதையும் கண்டுபிடிச்சு மாத்திட்டாங்க. வேணும்னா லேப்ல கேளுங்க சார், ஆனா புகார் எழுதாதீங்க."

வரிசை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே கடலின் கரண்டி எதிலோ விழுந்தது. மேனேஜர் தலையைத் தடவினார்.

"உன்னோடதை," என்றார், "அம்மா பேர்ல."

"ஆமா சார்."

"எழுத்துல குடுப்பியா?"

"குடுக்கறேன் சார்."

அவர் வரிசையைப் பார்த்தார். வரிசை கையிலிருந்த தண்ணீர் பாட்டில்களோடு அவரைப் பார்த்தது. "அப்புறமாக் குடு," என்றார். "மாஸ்டரம்மா, நீங்க உள்ள போங்க. அறுநூறு பேர் காத்திருக்காங்க."

வரிசையின் பின்னாலிருந்து யாரோ கை தட்டினார். அம்மா அதைக் கண்டுகொள்ளாமல் முடியைத் துணியால் கட்டி, முழங்கை வரை கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். முதல் பாத்திரத்தைத் திறந்து ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

"தம்பி," என்றாள் கடலிடம், "கோபமில்லாம சொல்லுங்க. இதுல எத்தனை கை போட்டீங்க?"

"ரெண்டே கைதான் மாஸ்டரம்மா."

"யாரோட கை? தண்ணி கொதிக்க வைங்க. உருளைக்கிழங்கு எடுங்க. பத்து நிமிஷம் எல்லாரும் பொறுத்துக்கணும்."

எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள். பத்து நிமிஷம் இருபதாயிற்று. அம்மா ஜன்னல் வழியாக முதல் தட்டைப் போட்டு, வரிசையில் நின்றவருக்குக் கொடுக்காமல் மகள் பக்கம் நகர்த்தினாள். வரிசையிலிருந்தவர், "பாப்பா முதல்ல சாப்பிடட்டும், நாங்க நிக்கிறோம்," என்றார்.

மின்னல் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டாள். மாத்திரை முடிந்து ஒருநாள்தான் ஆகியிருந்தது. இரும்பு ருசி இன்னும் முழுதாகப் போகவில்லை. இருந்தாலும் தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னொரு தட்டுக்கு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். வயிறு ஒன்றும் சொல்லவில்லை.